சிங்கப்பூரில் மூலிகை இலைக்குப் பருவம் உண்டா?

ஈசூன் தொட்டிச்செடி

எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் துளசி, நிலவேம்பு, ஆடாதோடை, பூனைமீசை, ரணகள்ளி எல்லாம் வளர்க்கிறோம். எந்த மாதம் இலை பறித்துக் காயவைத்தால் மருந்துச் சத்து கூடுதலாக இருக்கும் என்று அங்கே ஒரு பேச்சு வந்தது. ஊரிலிருந்து வந்த மூலிகைக் குறிப்புகளில் கார்காலம், இளவேனில் என்று காலம் குறித்திருக்கிறது. "சிங்கப்பூரில் பருவமே கிடையாது, எப்போது பறித்தாலும் ஒன்றுதான்" என்பது அங்கே பெரும்பாலோர் முடிவு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிப்ரவரியில் கசக்கி முகர்ந்த துளசிக்கும் டிசம்பர் அடைமழையில் முகர்ந்த துளசிக்கும் மணம் வேறாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா மூத்தவர்

தம்பி, முன்னோர் காலம் பார்த்துப் பறித்ததற்குக் காரணம் உண்டு. சரக சம்ஹிதையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. புதிதாகத் துளிர்த்த இலையையும் கிளையையும் மழைக்காலத்திலோ வசந்தத்திலோ எடுக்க வேண்டும். வேரைக் கோடையில் அல்லது பின்பனியில், பட்டையையும் கிழங்கையும் பாலையும் கூதிர்காலத்தில், மரத்தின் உள்வைரத்தை முன்பனியில் எடுக்க வேண்டும். பூவும் காயும் அதது வரும் காலத்தில். நம் சித்த வைத்தியர்களும் காப்புக் கட்டி, நாள் பார்த்து, வெயில் ஏறுமுன் பறிப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

கடல்தாண்டி

ஐயா, ஆனால் இங்கே வசந்தம் எது, பின்பனி எது? அதுதானே கேள்வி.

இலைவேதியல்

தாவர வேதிப்பொருள்களை அளக்கும் வேலையில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் ஐயா சொன்னதில் அருமையான கவனிப்பு ஒன்று இருக்கிறது. ஒரே செடியில் இலைக்கு ஒரு காலம், வேருக்கு வேறு காலம் என்று பிரித்திருக்கிறார்கள். செடி தான் செய்யும் பொருள்களை ஆண்டு முழுவதும் ஒரே உறுப்பில் வைத்திருப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய கருவிகளும் அதையேதான் காட்டுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் மூலிகைச் சாகுபடிக்கும் சேகரிப்புக்கும் வெளியிட்ட வழிகாட்டுதலும் சரியான பருவத்தில், சரியான வளர்ச்சி நிலையில் அறுவடை செய்யச் சொல்கிறது.

அந்த நாட்காட்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 9 நிமிடம்தான். சென்னையில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பகலின் நீளம் பார்த்து வேதியலை மாற்றிக்கொள்ளும் செடிகள் இருக்கின்றன. பெப்பர்மின்ட் அப்படிப்பட்டது. நீண்ட பகலில் அதன் எண்ணெய் மென்தோனாகவும் மென்தாலாகவும் போகும். குறுகிய பகலில் புலிகோனும் மென்தோஃபியூரானும் கூடிவிடும். இங்கே தொட்டியில் வளர்த்த பெப்பர்மின்ட் மிட்டாய் வாசனை தரவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். குளிர்நாடுகளில் வெயில், மழை, இலையின் வயது, பூப்பு எல்லாமே மாதத்தோடு சேர்ந்து நகர்கின்றன. அதனால் மாதத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்னது போல ஆகிவிடுகிறது. சிங்கப்பூரில் இவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நடக்கின்றன. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஒரு நிலவேம்பு பூத்திருக்கும், பக்கத்துச் செடி துளிர் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே மாதத்தைக் கேட்டுப் பயனில்லை, செடியைத்தான் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லை என்று நினைப்பவர்கள் மாதத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

ஈசூன் தொட்டிச்செடி

அக்கா, செடியைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? நிலவேம்பையே எடுத்துக்கொள்வோம். எங்கள் தோட்டத்தில் மலாய்க்காரர் ஒருவர் ஹெம்பெடு பூமி என்று கேட்டு வாங்கிப்போகிறார், சீனப் பாட்டியும் அதே செடியைக் கேட்கிறார். அதனால் எல்லோருக்கும் பயன்படும்.

இலைவேதியல்

நிலவேம்புக்குப் பூதான் கடிகாரம். அதன் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. தண்டைவிட இலையில் அது மிகுதி. செடி வளர வளரக் கூடிக்கொண்டே வந்து, மொட்டு விடும் கட்டத்தில் உச்சத்துக்கு வருகிறது. பூத்து விதை பிடிக்கத் தொடங்கியதும் இறங்குகிறது. பயிரிடுபவர்கள் பூக்கத் தொடங்கும்போதே அறுப்பது இதனால்தான். சமூகத் தோட்டங்களில் நான் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது: செடி நன்றாகக் காய்த்து, இலை பழுக்கத் தொடங்கிய பிறகு, "இனி வீணாகிவிடுமே" என்று பறிக்கிறார்கள்.

இதே கதை மலேரியா மருந்திலும் உண்டு. சீன அறிவியலாளர் து யூயூவின் குழுவினர் 1970-களின் தொடக்கத்தில் ஆர்ட்டெமிசினினைத் தேடியபோது செடியின் எல்லாப் பாகமும் எல்லாக் காலத்திலும் ஒரே பலன் தரவில்லை. இலையில்தான் அது இருந்தது, அதுவும் பூக்குமுன்தான் மிகுதியாக இருந்தது. செடி வளர்ந்த வட்டாரத்தைப் பொறுத்தும் அளவு மாறியது. முந்தைய முயற்சிகளில் முடிவுகள் மாறி மாறி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1971 அக்டோபரில் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு எடுத்த சாறு எலிகளில் முழுப்பலன் தந்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாறு எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்த கதை. இலை பறித்த வேளையைப் பற்றிப் பேசுவோர் குறைவு, எனக்கு அது வருத்தம்தான்.

துளசி வேறு மாதிரி. அதன் மணம் இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளில் தங்கும் எண்ணெய். யூஜினால் அதில் முக்கியமானது, கூடவே கேரியோஃபிலீன் போன்றவையும் உண்டு. எண்ணெய்க்காகப் பயிரிடுபவர்கள் பூ நிறைந்த கட்டத்தில், வெயில் நன்றாக அடித்த நாளில் அறுப்பார்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் அறுவடையைத் தள்ளிவைப்பார்கள். நீங்கள் பிப்ரவரியிலும் டிசம்பரிலும் முகர்ந்த வித்தியாசம் கற்பனையாக இருக்க வாய்ப்பில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் முதல் பாதியில், டிசம்பரை ஒட்டி, நமக்கு மழை மிகுதி, மேகமூட்டம் மிகுதி. பிப்ரவரிதான் இங்கே ஆண்டிலேயே வறண்ட மாதம்.

கடல்தாண்டி

நிலவேம்பு பூக்குமுன், துளசி பூத்தபின். அப்படியானால் பொது விதி என்று ஒன்றும் இல்லையா?

இலைவேதியல்

இல்லை. ஒவ்வொரு செடிக்கும், சொல்லப்போனால் ஒரே செடியில் ஒவ்வொரு பொருளுக்கும், தனிப் போக்கு. முருங்கையைப் பாருங்கள். வெப்பமும் மழையும் சேர்ந்த காலத்தில் அதன் இலையில் வைட்டமின் ஏ கூடுதல், குளிர்ந்து உலர்ந்த காலத்தில் வைட்டமின் சி-யும் இரும்பும் கூடுதல் என்று தைவானில் வளர்த்துப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "எப்போது முருங்கைக்கீரை நல்லது" என்று யாராவது கேட்டால், எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றுகிறது.

பாசிர் ரிஸ் வடக்குவாசல்

நான் கவனித்த ஒன்றைச் சொல்லலாமா? என் வீடு வடக்குப் பார்த்த தாழ்வாரம். ஏப்ரலில் இருந்து ஆகஸ்டு வரை தொட்டிகளில் சரிந்த வெயில் விழும். அக்டோபருக்கு மேல் தொட்டி முழுக்க நிழல்தான். பூனைமீசை இலை அப்போது பெரிதாக, மெல்லியதாக, வெளிறிய பச்சையாக வருகிறது. வெயில் காலத்தில் இலை சிறியது, தடித்தது, தண்டில் சிவப்பும் ஏறும். எதிர் புளோக்கில் தெற்குப் பார்த்த வீட்டில் இது அப்படியே தலைகீழ். பருவமே இல்லாத ஊர் என்றால் இது என்ன?

இலைவேதியல்

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு இது. நன்றி.

ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் கடைசியில் தெற்கே, சுமார் 65 பாகையில். திறந்த வெளிக்கு இது பெரிய மாற்றமே இல்லை. மேலே கூரையும் ஒரு பக்கம் சுவரும் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்துக்கு இது எல்லாவற்றையும் மாற்றிவிடும். வடக்குத் தாழ்வாரத்துக்கு மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை வெயில், மற்ற பாதி ஆண்டு நிழல். மேற்குத் தாழ்வாரத்தில் ஆண்டு முழுக்கப் பின்மதிய வெயில். வானிலைப் பதிவில் தெரியாத ஒரு பருவம் உங்கள் வாசலில் இருக்கிறது.

இலையின் வேதியலுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. கடும் வெயிலில், குறிப்பாகப் புற ஊதாக் கதிர் படும்போது, இலை தன்னைக் காத்துக்கொள்ள குவர்செட்டின் போன்ற ஃபிளவனாய்டுகளையும் பிற ஃபீனால்களையும் கூடுதலாகச் செய்துகொள்ளும். தண்டில் நீங்கள் பார்த்த சிவப்பு ஆந்தோசயனினாக இருக்கும், அதுவும் இந்தக் குடும்பம்தான். பூனைமீசையில் மக்கள் தேடும் ரோஸ்மரினிக் அமிலமும் ஒரு ஃபீனால். நிழலில் செடி இதற்குச் செலவழிப்பதில்லை, இலையை அகலப்படுத்தி வெளிச்சம் தேடும்.

ஜப்பானியர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். கியோகுரோ தேயிலைக்கு அறுவடைக்குமுன் மூன்று வாரம் அளவில் செடிகளை மூடி நிழலில் வைப்பார்கள். வெயில் பட்டால் இலையிலுள்ள, இனிமை தரும் தியனைன் கரைந்து துவர்ப்புள்ள கேட்டச்சின்களாக மாறிவிடும். மூடிவைத்தால் இனிமை தங்கும். கோடை அறுவடைத் தேயிலை முதல் கொழுந்தைவிடத் துவர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

தேக்கா மூத்தவர்

அம்மா, வெயில் ஏறுமுன் பறிப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

இலைவேதியல்

சொல்கிறேன் ஐயா. அதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு மொராவிய சபை ஊழியராக வந்து, பிறகு தாவர ஆய்வில் இறங்கியவர் பெஞ்சமின் ஹைன். தோட்டத்தில் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் கடும் புளிப்பாகவும் நண்பகலில் சுவையே இல்லாமலும் மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருக்கிறது என்று லண்டனுக்கு எழுதினார். 1815-இல் அது அச்சானது. காரணம் பின்னால் தெரிய வந்தது. ரணகள்ளி, கற்றாழை, அன்னாசி போன்றவை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்துக்கொள்ளும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்தைக் கரைத்துச் சர்க்கரை செய்யும். ஒரே இலை, ஒரே நாள், இரண்டு வேதியல். பருவத்தைத் தேடி ஆண்டுக் கணக்கில் போக வேண்டாம், பன்னிரண்டு மணி நேரமே போதும்.

மணமுள்ள இலைகளுக்கும் வேளை உண்டு. வெயில் ஏற ஏற எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். பனி உலர்ந்து, சூடு ஏறுவதற்குள் பறிப்பது துளசி போன்றவற்றுக்கு நல்ல பழக்கம். இரவு மழை பெய்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய பஃபாடையனொலைடுகள் இருக்கின்றன. அதை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. சிறுநீரகக் கல்லுக்கு என்று தினமும் மெல்லுபவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தகப் பணி

கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நுழைகிறேன். மருந்தாளுநராக எனக்கு இந்த இழையில் கவலை தருவது ஒன்று உண்டு. "சத்து கூடுதலான இலை" என்று எல்லோரும் தேடுகிறோம். கூடுதல் என்றால் நல்லது என்று யார் சொன்னது?

1785-இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் நீண்ட பூக்கொத்துள்ள டிஜிட்டாலிஸ் செடியை, உடலில் நீர் தேங்கி வீங்கும் நோய்க்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார். காலத்துக்குக் காலம் அதன் வீரியம் மாறியதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான செடி அது. அதனால் பூக்கும் கட்டத்தில் மட்டும் இலையைப் பறித்து, ஒரே விதமாக உலர்த்தி, பொடியாகக் கொடுத்தார். அளவை ஓரளவு நிலைப்படுத்த அதுதான் அவருக்கு இருந்த வழி. அதற்கப்புறமும் நெடுங்காலம் ஒவ்வொரு தொகுதிப் பொடியையும் விலங்குகளில் சோதித்துத்தான் வீரியத்தைக் கணக்கிட்டார்கள். 1930-இல் அந்த இனச் செடியிலிருந்து இதய மருந்தான டிகாக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகே அளவு நம் கைக்கு வந்தது.

ஆடாதோடையும் அப்படித்தான். அதிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவானதுதான் சளிக்குக் கொடுக்கும் ப்ரோம்ஹெக்சின். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். இலையில் அச்சிட்டிருக்காது. பருவத்துக்கும் இலை வயதுக்கும் ஏற்ப வாசிசின் அளவு மாறும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் அதற்கு உண்டு, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. "போன தடவை ஐந்து இலை போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. என் கவலையைப் புரிந்துகொள்ளுங்கள்.

தேக்கா மூத்தவர்

நியாயமான பேச்சு. வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்ததை நாம் தொட்டியிலிருந்து பறித்து நாமே காய்ச்சிக் குடிக்கிறோம். அவர்கள் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அறிந்தவர்கள். நமக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

கடல்தாண்டி

தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டால் மருந்துச்சத்து ஏறும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, உண்மையா? 2014 ஜனவரி, பிப்ரவரியில் நாலு வாரம் மழையே இல்லாமல் புல்லெல்லாம் பழுப்பாகியதே, அப்போது மூலிகையெல்லாம் வீரியமாக இருந்திருக்குமா?

இலைவேதியல்

பாதி உண்மை. மிதமான வறட்சியில் பல செடிகளில் எண்ணெயும் ஃபீனால்களும் இலை எடைக்கு இத்தனை என்ற கணக்கில் கூடும். ஆனால் இலையே குறைந்துவிடும். கிராமுக்கு எவ்வளவு என்பதும் செடிக்கு எவ்வளவு என்பதும் வேறு வேறு கணக்கு. வறட்சி கடுமையானால் இரண்டும் விழும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அதனால் அழுத்திச் சொல்கிறேன். மழைக்காலத்து இலையில் நீர் கூடுதல். பச்சை இலையை எடைபோட்டு ஒப்பிட்டால், நீர் குறைந்த இலையில் எல்லாமே கூடியதாகத்தான் தெரியும். வேதியலில் மாற்றம் நடந்திருக்கவே வேண்டியதில்லை. எந்த ஒப்பீடும் உலர் எடையில் இருந்தால்தான் செல்லும். இணையத்தில் சுற்றும் "இந்த மாதத்தில் இரண்டு மடங்கு சத்து" வகைச் செய்திகளைப் பார்க்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: பச்சை எடையா, உலர் எடையா?

மழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொட்டி மண்ணிலிருந்து நைட்ரேட்டை அலசிக்கொண்டு போய்விடும். வாசிசின் போன்ற ஆல்கலாய்டுகளைச் செய்ய நைட்ரஜன் தேவை. ஃபீனால்களுக்குத் தேவையில்லை, நைட்ரஜன் குறைந்தால் அவை பெரும்பாலும் கூடவே செய்யும். ஆகவே ஒரே அடைமழை ஆடாதோடையை ஒரு பக்கமும் பூனைமீசையை வேறு பக்கமும் தள்ளக்கூடும்.

பாசிர் ரிஸ் வடக்குவாசல்

அப்படியானால் நாம் என்ன குறித்து வைப்பது? டப்பாவில் "மார்ச்" என்று எழுதி ஒட்டுவதில் அர்த்தமில்லை போலிருக்கிறதே.

இலைவேதியல்

மாதத்தையும் எழுதுங்கள், தவறில்லை. கூடவே செடி பூக்குமுன்னா பூத்தபின்னா, நுனியிலிருந்து எத்தனையாவது இணை இலை, முந்தைய இரண்டு நாள் மழை பெய்ததா, பறித்த மணி என்ன, தொட்டி வெயிலில் இருந்ததா நிழலிலா, கடைசியாக உரமிட்டது எப்போது, இதையெல்லாம் ஒரு வரியில் எழுதுங்கள். இலை வயது மிக முக்கியம். இளம் இலையைப் பூச்சி எளிதில் கடிக்கும் என்பதால் பல செடிகள் தற்காப்புப் பொருளை அங்கேதான் குவிக்கும். மாதம் மாதம் கொழுந்தையும் முற்றலையும் கலந்து பறித்தால் பருவ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று, பறித்த பிறகு நடக்கும் மாற்றம் பறிக்குமுன் நடக்கும் மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடலாம். இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். டிசம்பரில் தாழ்வாரத்தில் காயவைத்த இலை உலர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே, நிழலில், ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நொறுங்கும் வரை உலர்ந்தால்தான் டப்பாவில் போட வேண்டும்.

ஈசூன் தொட்டிச்செடி

எங்கள் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம் என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். குடிப்பதற்கு இல்லை, மருந்தகப் பணி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மணமும் நிறமும் உலர் எடையும் மட்டும் பதிவு செய்யப் போகிறோம். துளசி ஆறு தொட்டி, மூன்று வடக்குச் சுவர் பக்கம், மூன்று திறந்தவெளியில். எல்லாம் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள். இது சரிதானா?

இலைவேதியல்

ஒரே தாய்ச்செடி என்று யோசித்தது மிகச் சரி. துளசியில் செடிக்குச் செடி மணமே வேறுபடும், அதைப் பருவத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. மண்ணும் தொட்டி அளவும் ஒன்றாக இருக்கட்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசுவுக்கும் நல்லதில்லை, வேருக்கும் நல்லதில்லை. பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) உள்ள மூலிகைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 2011-இல் திறந்தது, மனித உடலின் உறுப்புகளை ஒட்டிச் செடிகளைப் பிரித்து நட்டிருக்கிறார்கள். திறந்தவெளியில் வளர்ந்த இலை எப்படி இருக்கும் என்று உங்கள் தாழ்வாரத்து இலையோடு ஒப்பிட வசதியாக இருக்கும். அங்கே பறிக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான்.

தேக்கா மூத்தவர்

தம்பி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் முகர்ந்து பார்க்க ஒரு மூக்கு கூடுதலாக இருக்கட்டும். நிலவேம்பில் மொட்டு தெரிந்தால் உடனே இங்கே எழுதுங்கள், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

ஈசூன் தொட்டிச்செடி

இரண்டு செடியில் இன்று காலையே மொட்டு தெரிகிறது ஐயா. நாளை ஏழு மணிக்கு வர முடியுமா? இரவில் மழை பெய்யாவிட்டால் பறித்துவிடலாம்.